பழைய செயின்சா பத்து நிமிஷம் ஓடி நின்றுவிடுகிறது, டேங்க் மூடியைத் திறந்து மூடினால் மறுபடி ஓடுகிறது

சாயல்குடியான்:

எல்லோருக்கும் வணக்கம். சாயல்குடிக்குத் தெற்கே கடலோரம் எங்கள் ஊர். தாய்மாமா கரிமூட்டத் தொழில் செய்தவர், அவருடைய பழைய செயின்சா ஒன்று இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. 60 சிசிக்கு மேல் உள்ள வெளிநாட்டு மெஷின், எந்த வருஷம் வாங்கினார் என்று அவருக்கே ஞாபகம் இல்லை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது இதைத் தூக்கிக்கொண்டு பட்டுக்கோட்டைப் பக்கம் போய், விழுந்து கிடந்த தென்னைகளை ஒரு மாதம் அறுத்துக் கொடுத்துவிட்டு வந்தார். அதற்கப்புறமும் கொஞ்ச நாள் ஓட்டினார், பிறகு முட்டி வலி, மெஷின் சாக்குக்குள் போய்க் கொட்டகையில் உட்கார்ந்துவிட்டது. டேங்கில் இருந்த பெட்ரோலைக்கூடக் கொட்டவில்லை. மூன்று வருஷமாவது அப்படியே கிடந்திருக்கும்.

எங்கள் புஞ்சை இரண்டு ஏக்கரில் சீமைக்கருவை மண்டிப் போய்விட்டது, ஆள் வைத்து வெட்டினால் கட்டுப்படியாகாது, அதனால் இதை எடுத்தேன். பழைய பெட்ரோலைக் கொட்டிவிட்டுப் புதுசு ஊற்றி, சோக் போட்டு ஏழெட்டு தடவை கயிறு இழுத்தால் ஸ்டார்ட் ஆகிறது. ஸ்லோவில் நிற்கிறது. மெல்லிய கிளை என்றால் வெண்ணெய் மாதிரி அறுக்கிறது. தூரில் வைத்து முழு ஆக்சிலேட்டர் கொடுத்து அறுக்கும்போதுதான் பிரச்சினை. பத்து நிமிஷம் நன்றாக இருக்கும், அப்புறம் சத்தம் மெலிந்து கீச்சென்று மேலே ஏறும், ஏறி இரண்டு விநாடியில் கழுத்தை நெரித்த மாதிரி நின்றுவிடும். டேங்க் மூடியைத் திறந்தால் உஸ் என்று சத்தம். மூடிவிட்டு இழுத்தால் மறுபடி பத்து நிமிஷம்.

எங்கள் ஊர் டூவீலர் மெக்கானிக் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார், பிளக் மாற்றினார், இரண்டு ஸ்க்ரூவை அப்படியும் இப்படியும் திருப்பினார். 600 ரூபாய் ஆனது, மெஷின் மட்டும் மாறவில்லை. பெட்ரோல் பங்கில் வாங்கியதுதான், தண்ணீர் கேனில் இரண்டு மாதமாக வைத்திருக்கிறேன். ஆயில் லிட்டருக்கு 40 மில்லி, டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்குப் பெட்ரோலோடு கலக்கும் சாதாரண டூ-டி. இது கார்புரேட்டரா, டேங்க்கா, இல்லை மெஷினே போய்விட்டதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கருவைக்காடு:

கார்புரேட்டரைத் தூக்கிப் போடுங்க நண்பா. ஆன்லைனில் டூப்ளிகேட் ஆயிரத்துக்குள் கிடைக்கிறது, மாட்டினால் முடிந்தது. கழுவிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் கருவை உங்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிடும்.

உச்சிப்புளி மெக்கானிக்:

மேலே சொன்ன தம்பி சொல்வதைக் கேட்டு உடனே கார்புரேட்டர் வாங்கிவிடாதீர்கள். டேங்க் மூடியைத் திறந்தால் ஓடுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது.

முதலில் ஒன்று பாருங்கள். அந்த உஸ் சத்தம் வரும்போது காற்று உள்ளே போகிறதா, வெளியே வருகிறதா? வெயிலில் சூடான டேங்க் வெளியே ஊதினால் அது சகஜம், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். உள்ளே உறிஞ்சினால் டேங்கின் மூச்சுக்குழாய் அடைத்திருக்கிறது. எஞ்சின் பெட்ரோலை எடுக்க எடுக்க அந்த இடத்துக்குக் காற்று வந்தாக வேண்டும், வரவில்லை என்றால் டேங்குக்குள் வெற்றிடம் விழும், ஒரு கட்டத்தில் கார்புரேட்டரின் பம்பால் இழுக்க முடியாது. ஸ்லோவில் பெட்ரோல் செலவு குறைவு, அதனால் தெரியாது. முழு ரேஸில் பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். பழைய மெஷின்களில் சிலவற்றுக்கு மூச்சு மூடியிலேயே இருக்கும், சிலவற்றில் கைப்பிடிப் பக்கம் தனியாக ஒரு சின்ன ரப்பர் குழாய், அதற்குள் ஒரு திருகாணி செருகியிருக்கும். அந்தத் திருகாணியின் புரி வழியாகத்தான் காற்றே போகும், யாரோ வேண்டாத ஸ்க்ரூவைச் செருகிவிட்டார்கள் என்று நினைத்துப் பிடுங்கி எறிந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். நம் பக்கத்து மண்ணும் மரத்தூளும் ஆயிலும் சேர்ந்து அங்கே சந்தனம் மாதிரி அப்பிக்கொள்ளும்.

இரண்டாவது, அந்தக் கீச்சுக் குரல். பலபேர் அதைக் கேட்டுவிட்டு மெஷின் நல்ல ரேஸில் ஓடுகிறது என்று சந்தோஷப்படுவார்கள். பெட்ரோல் குறைந்து காற்று கூடினால்தான் அந்தச் சத்தம் வரும். இந்த எஞ்சினுக்குத் தனியாக ஆயில் கிடையாது, பெட்ரோலோடு வரும் ஆயில்தான். பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும், சூடு ஏறும், பிஸ்டன் சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். அதனால் இனிமேல் அந்தக் குரல் கேட்டால் உடனே ஆக்சிலேட்டரை விடுங்கள். அப்புறம் இன்றைக்கே சைலன்சரைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக டார்ச் அடித்து பிஸ்டனைப் பாருங்கள். பளபளவென்று இருந்தால் நல்ல காலம். மேலிருந்து கீழாகக் கோடு கோடாகக் கீறியிருந்தால் பெட்ரோல் லைனுக்குச் செலவு செய்வதற்கு முன்னால் யோசிக்க வேண்டும்.

பிறகு டேங்குக்குள் கொக்கிக் கம்பி விட்டு ஃபில்டரை வெளியே இழுங்கள். அதோடு வரும் ரப்பர் பைப்பை விரலால் மடக்கிப் பாருங்கள், முக்கியமாக டேங்க் சுவரைத் தாண்டி கார்புரேட்டருக்குப் போகிற இடத்தில். வெடிப்பு இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். பெட்ரோல் வெளியே சொட்டாது, அதனால் யாரும் சந்தேகப்படுவதில்லை. உறிஞ்சும்போது காற்றை இழுத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

பாம்பன் காத்து:

நான் வள்ளத்து எஞ்சின் ரிப்பேர் ஆள், மரம் அறுப்பது என் வேலை இல்லை. ஆனாலும் தண்ணீர் கேன், இரண்டு மாதம், கடலோரம் என்று மூன்றையும் ஒரே வரியில் படித்ததும் கை சும்மா இருக்கவில்லை.

இப்போது பங்கில் வருகிற பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். 2022-ல் 10 சதவீதம் இருந்தது. எத்தனால் ஈரத்தைக் குடிக்கும், நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா? கேன் மூடி லூஸாக இருந்தால் நாளாக நாளாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஓர் அளவுக்கு மேல் போனால் தண்ணீரும் எத்தனாலும் கைகோத்துக்கொண்டு பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் போய்ப் படுத்துவிடும். ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். உங்கள் ஃபில்டர் எங்கே இருக்கிறது? அடியில். ஆக மெஷின் முதலில் குடிப்பது ஆயில் இல்லாத அந்தத் தண்ணீர்ச் சரக்கைத்தான். எங்களுக்காவது வள்ளத்தில் தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் வைத்துக்கொள்ள வழி இருக்கிறது, உங்கள் மெஷினில் அதற்கு இடமே இல்லை.

பார்க்க ஆசையாக இருந்தால், பீடி சிகரெட் இல்லாத இடமாகப் பார்த்து, ஒல்லியான கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி மட்டத்தில் ஒரு கோடு போடுங்கள். அதன்மேல் ஆயில் கலக்காத பெட்ரோலை ஊற்றிக் குலுக்கி வையுங்கள். கொஞ்ச நேரத்தில் கோட்டுக்கு மேலே தண்ணீர் ஏறியிருக்கும். ஏறியது அத்தனையும் எத்தனால். இது வேடிக்கைக்கு மட்டும், இப்படி எத்தனாலைப் பிரித்துவிட்டு மீதியை மெஷினில் ஊற்றிவிடாதீர்கள்.

இன்னொன்று. யாராவது வள்ளத்துக்காரர் தெரிந்தவர் என்று அவரிடம் மிச்ச ஆயில் வாங்கி ஊற்றாதீர்கள். கடல் எஞ்சினுக்கு வரும் டிசி-டபிள்யூ3 ஆயில் தண்ணீரால் குளிரும் எஞ்சினுக்கு. செயின்சா காற்றில் குளிர்வது, அதன் சூடு வேறு.

தொண்டிக்காரன்:

ஆயில் விஷயத்தில் என் அனுபவம் என்னவென்றால் பழைய மெஷினுக்கு லிட்டருக்கு 60, 70 மில்லி ஊற்றினால் பயமே இல்லை. புகை வரும், வந்துவிட்டுப் போகட்டும், பிஸ்டன் பிடிக்காது. கம்பெனிக்காரர்கள் 20 மில்லி என்பதெல்லாம் புது மெஷினை விற்பதற்காக.

உச்சிப்புளி மெக்கானிக்:

அண்ணே, கோபிக்க வேண்டாம், இதில் உங்களோடு ஒத்துப்போக முடியாது. ஸ்க்ரூவைத் தொடாமல் ஆயிலை மட்டும் கூட்டினால் அதே ஓட்டை வழியாகப் போகும் பெட்ரோல் குறைந்துவிடும், ஏற்கெனவே காற்று கூடிப்போன மெஷினில் இன்னும் காற்று கூடும். சைலன்சரில் கரி கட்டும், பிளக் அடைக்கும். லிட்டருக்கு 20 மில்லி என்பது 50-க்கு 1, அந்த அளவுக்கென்று தயாரித்த நல்ல ஆயிலுக்கு. சாதாரண டூ-டி என்றால் 25-க்கு 1, அதாவது 40 மில்லி. தம்பி சரியாகத்தான் கலக்கியிருக்கிறார், அதை மாற்ற வேண்டாம். பெட்ரோல் மட்டும் இரண்டு மாதம் பழசு, அதைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். ஒரு மாதத்தில் முடிகிற அளவுக்கு மட்டும், இறுக்கி மூடுகிற கேனில்.

தொண்டிக்காரன்:

பதினைந்து வருஷமாக என் மெஷின் ஓடுகிறது. அவ்வளவுதான் சொல்வேன்.

ஸ்பேர்ஸ் கடை அக்கா:

நானும் என் வீட்டுக்காரரும் ராமநாதபுரத்தில் விவசாய மெஷின் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறோம். தம்பி, கடைக்கு வருகிறவர்கள் பாதிப்பேர் "அக்கா, கார்புரேட்டர் கொடுங்க" என்பார்கள். கழற்றிய பழசைக் கொடுங்கள் என்று வாங்கிப் பார்த்தால் உலோக உடம்பு நன்றாக இருக்கும், உள்ளே இருக்கிற டயாபிரம் மட்டும் அப்பளம் மாதிரி விறைத்துப் போயிருக்கும். பைக் கார்புரேட்டரில் இருக்கிற மாதிரி இதில் மிதவை கிடையாது. மெஷினைச் சாய்த்துக் கவிழ்த்து அறுக்க வேண்டும் என்பதற்காகவே மிதவைக்குப் பதிலாக இந்த ரப்பர் சவ்வு. எஞ்சினுக்குள் வரும் அழுத்தத்துடிப்பில் ஒரு சவ்வு பம்ப் மாதிரி அடிக்கும், இன்னொன்று பெட்ரோல் உள்ளே வரும் வழியை அடைக்கிற ஊசியை, அதாவது நீடிலைத் திறந்து மூடும். சவ்வு விறைத்தால் என்ன கழுவினாலும் பயன் இல்லை. உங்கள் டூவீலர் மெக்கானிக் மேல் குற்றம் சொல்ல மாட்டேன், அவர் பார்த்துப் பழகிய கார்புரேட்டர் வேறு.

அதனால் முழு கார்புரேட்டர் வேண்டாம், டயாபிரமும் கேஸ்கட்டும் சேர்ந்து வரும் கிட் வாங்குங்கள். வால்ப்ரோ, ஜாமா, டிலாட்சன் எந்தக் கம்பெனி கார்புரேட்டராக இருந்தாலும் உடம்பிலேயே நம்பர் பொறித்திருக்கும். மெஷின் பெயரை விட அந்த நம்பர்தான் எங்களுக்கு வேண்டும், ஒரே மெஷினில் இரண்டு மூன்று வகை கார்புரேட்டர் வந்திருக்கும். போட்டோ எடுத்துக்கொண்டு போனால் எந்தக் கடையிலும் பார்த்துக் கொடுப்பார்கள். பழைய கேஸ்கட்டையும் எறியாமல் கொண்டுபோங்கள், பக்கத்தில் வைத்து ஓட்டைக்கு ஓட்டை சரிபார்க்க.

இன்னொரு வேண்டுகோள். பெட்ரோல் பைப்புக்குப் பதிலாக ஆஸ்பத்திரி சலைன் டியூப் போட்டு ஓட்டுகிறவர்கள் இந்தப் பக்கம் நிறைய. பார்க்க நன்றாகப் பொருந்தும். சில நாளிலேயே பெட்ரோலில் மஞ்சளாகிக் குச்சி மாதிரி ஆகிவிடும், எத்தனால் கலந்த பெட்ரோலில் கேட்கவே வேண்டாம். தயவுசெய்து மெஷினுக்குரிய பைப்பையே வாங்குங்கள், டேங்க் சுவரில் இறுகி உட்காருவதற்கென்று அதற்கு ஓர் உருவம் இருக்கிறது.

சாயல்குடியான்:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாள் இதிலேயே போய்விட்டது, வீட்டில் திட்டு.

முதலில் மூச்சுக்குழாய். டேங்க் மூடியைத் திருகும்போது வாய்ப்பக்கம் மெல்லிய பாலிதீன் துண்டைப் பிடித்தேன், உள்ளே இழுத்து ஒட்டிக்கொண்டது. உறிஞ்சத்தான் செய்கிறது. அண்ணன் சொன்ன மாதிரி கைப்பிடிப் பக்கம் குழாய், அதற்குள் திருகாணி, சுற்றிலும் கறுப்புக் களிம்பு. பெட்ரோலில் ஊறவைத்துக் கழுவிப் போட்டேன். சைலன்சரைக் கழற்றிப் பார்த்தேன், பிஸ்டனில் ஒரு மூலையில் இரண்டு மெல்லிய கோடு, மற்றபடி பளபளப்பு. அது பரவாயில்லையா?

ஃபில்டரை வெளியே எடுத்தபோது சிரிப்புதான் வந்தது. அது ஃபில்டரே இல்லை. மாமா எப்போதோ பழைய பனியன் துணியைச் சுருட்டி நூலால் கட்டி வைத்திருக்கிறார். அது கூழாகிப் பாதி பைப்புக்குள் போயிருந்தது. பைப் டேங்க் சுவர் பக்கம் மடக்கினால் வாய் திறக்கிறது, பந்தயத்தில் அண்ணன் ஜெயித்துவிட்டார். கார்புரேட்டரைத் திறந்தேன், ஒரு பக்கம் சுண்ணாம்பு பூத்த மாதிரி வெள்ளை, சின்ன வட்டச் சல்லடை முழுக்கத் துணி நார். டயாபிரம் அக்கா சொன்ன அப்பளம்தான், விரலால் தட்டினால் டக் டக் என்கிறது.

கிட், பைப், ஃபில்டர் மூன்றும் வாங்கி மாட்டினேன். இப்போது இரண்டாவது இழுப்பில் ஸ்டார்ட். அரை மணி நேரம் விடாமல் அறுத்தேன், நிற்கவில்லை. ஆனால் புதிதாக ஒரு வம்பு: ஆக்சிலேட்டரை விட்டால் ரேஸ் உடனே இறங்காமல் மேலேயே தொங்கி மெதுவாகக் கீழே வருகிறது. ஸ்லோவிலும் ஏறி இறங்குகிறது. ஸ்லோவுக்குப் பெட்ரோல் அளவு வைக்கும் எல் ஸ்க்ரூவைத் திறந்தால் கொஞ்சம் சரியாகிறது, அப்படியே விட்டுவிடவா?

உச்சிப்புளி மெக்கானிக்:

விடாதீர்கள். மெஷினை நிறுத்திவிட்டுத்தான் மேற்கொண்டு படிக்க வேண்டும்.

ரேஸ் தொங்குகிறது என்றால் இன்னும் எங்கிருந்தோ காற்று போகிறது. ஸ்க்ரூவைத் திறந்து பெட்ரோலைக் கூட்டி அதை மறைக்கலாம். உங்கள் ஊர் மெக்கானிக் செய்ததும் அதுதான். சூடு ஏறி ஓட்டை பெரிதானால் மறுபடி கீச்சுக் குரல், இந்தத் தடவை பிஸ்டன் போய்விடும். இரண்டு கோடு என்று சொன்னது எனக்குப் பயமாக இருக்கிறது. மெல்லியது என்றால் ஓடும், ஆனால் அது எச்சரிக்கை.

கிட் மாட்டும்போது வரிசை மாறவில்லையே? பெரும்பாலான கார்புரேட்டர்களில் நீடில் இருக்கும் பக்கம் முதலில் கேஸ்கட், அதன்மேல் டயாபிரம். பம்ப் பக்கம் நேர்மாறு, முதலில் டயாபிரம், மேலே கேஸ்கட். கழற்றும்போது போன் கேமராவில் எடுத்திருந்தால் ஒப்பிட்டுப் பாருங்கள். அது சரி என்றால், கார்புரேட்டரை வெளியே எடுத்து, பெட்ரோல் உள்ளே வரும் மூக்கில் ஒரு பைப் செருகி, ரத்த அழுத்தம் பார்க்கிற கருவியின் பல்பையும் மீட்டரையும் மாட்டிக் காற்று ஏற்றுங்கள். சிரிக்காதீர்கள், தனியாக டெஸ்ட் மீட்டர் வாங்க வசதி இல்லாத காலத்தில் நாங்கள் அப்படித்தான் பார்த்தோம். மீட்டரில் கடைசி அளவான 300 வரைக்கும் ஏற்றினால் கிட்டத்தட்ட 0.4 பார். முள் ஒரு நிமிஷம் இறங்காமல் நின்றால் நீடில் நல்லது.

அதுவும் நல்லது என்றால் கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் பூட்டைக் கழற்றி வெளிச்சத்தில் நன்றாக மடக்கிப் பாருங்கள், மடிப்பின் பள்ளத்தில்தான் வெடிக்கும், நேராக வைத்தால் கண்ணுக்குத் தெரியாது. துடிப்பு வரும் சின்னக் குழாய் தனியாக இருந்தால் அதையும். ஓடுகிற எஞ்சினில் பெட்ரோலைத் தெளித்து எங்கே உறிஞ்சுகிறது என்று பார்க்கச் சிலர் சொல்வார்கள், சுட்டுக்கொண்டிருக்கும் சைலன்சருக்குப் பக்கத்தில் அந்த விளையாட்டு வேண்டாம். பூட்டும் நன்றாக இருந்தால் மிச்சம் கிராங்க் சீல், எஞ்சின் தண்டைச் சுற்றிக் காற்று புகாமல் அடைக்கும் ரப்பர் வளையம். அதற்கு மெஷினை யாரிடமாவது கொண்டுபோக வேண்டியதுதான்.

கருவைக்காடு:

ஆயிரம் ரூபாய் கார்புரேட்டர் மாட்டியிருந்தால் இவ்வளவு பாடு உண்டா?

ஸ்பேர்ஸ் கடை அக்கா:

மாட்டியிருந்தால் வெடித்த பைப்பும் பனியன் துணியும் அப்படியே இருந்திருக்கும் தம்பி, புது கார்புரேட்டரும் ஒரு வாரத்தில் அடைத்திருக்கும்.

சாயல்குடியான் தம்பி, பூட் வெடித்திருந்தால் பேஸ்ட் வைத்து ஒட்டிவிட்டுப் பார்க்கலாம் என்று தோன்றும். பெட்ரோல் பட்டதும் பேஸ்ட் ஊறி உரிந்து எஞ்சினுக்குள் போகும். வேண்டாம்.

சாயல்குடியான்:

பூட்தான். அண்ணன் சொன்ன அதே மடிப்புப் பள்ளத்தில், கீழ்ப்பக்கமாக விரல் நகம் அளவு வெடிப்பு. நேராக வைத்துப் பார்த்தபோது புதுசு மாதிரி இருந்தது. டயாபிரம் வரிசையும் சரி, நீடிலும் சரி, முள் 300-லேயே நின்றது.

பூட் ராமநாதபுரத்தில் இல்லை, மதுரையிலிருந்து வரவழைத்து நான்கு நாள் கழித்துக் கிடைத்தது. மாட்டியபின் இரண்டு ஸ்க்ரூவையும் மெதுவாக மூடி, ஒவ்வொன்றையும் ஒரு சுற்று திறந்து, அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வைத்தேன். மரத்தில் வைக்காமல் முழு ரேஸ் கொடுத்தால் லேசாகக் கரகரக்கிறது, மரத்தில் வைத்ததும் கரகரப்பு போய்த் தெளிவாக இழுக்கிறது. அதுதான் சரியான இடம் என்று மாமா சொல்கிறார். இத்தனை வருஷம் அவருக்கு இது தெரியும், ஆனால் பனியன் துணி விஷயத்தைக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறார். ஆக்சிலேட்டரை விட்டால் ரேஸ் டக்கென்று இறங்குகிறது, ஸ்லோவில் செயின் சுற்றவில்லை. நேற்று காலையிலிருந்து மதியம் வரை கால் ஏக்கர் கருவை சாய்ந்தது. நடுவில் ஒரு தடவை இழுவை குறைந்தபோது பயந்துவிட்டேன், பார்த்தால் செயினில் கூர் இல்லை, அடிமரப் பட்டையில் அப்பியிருந்த கடல் மணல்தான் காரணம்.

ஒரே ஒரு பிரச்சினை பாக்கி. ரத்த அழுத்தக் கருவி எங்கள் அம்மாவுடையது. நர்ஸ் அக்கா வந்து கையில் கட்டியபோது "இதில் ஏன் பெட்ரோல் வாடை அடிக்கிறது" என்று கேட்டிருக்கிறார். அன்றைக்கு அம்மாவுக்கு அளவு கொஞ்சம் அதிகமாகவே காட்டியதாம்.

உச்சிப்புளி மெக்கானிக்:

பழைய கருவி என்று எழுத மறந்துவிட்டேன் தம்பி. அம்மாவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள்.